பாடசாலை தன் இலக்குகளை வகுப்பதும் சமூகத்தைக் கலந்தாலோசிப்பதும்

க.பொ.த. (சாதாரண தரம்) – குடியியற் கல்வி
தரம் 10, 11 மாணவர்களுக்கான விளக்கக் கட்டுரை



சனநாயகம் என்றதும் உங்களில் பலருக்குப் பாராளுமன்றமும் வாக்குப்பெட்டியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் உங்கள் வாழ்க்கையில் நீங்கள் முதன்முதலில் சந்திக்கும் பொது நிறுவனம் பாடசாலையே ஆகும். அங்கும் ஆளுகை உண்டு, நிதி உண்டு, திட்டம் உண்டு. அங்கு எடுக்கப்படும் முடிவு உங்கள் பரீட்சைப் பெறுபேற்றையும் எதிர்காலத்தையும் நேரடியாகப் பாதிக்கின்றது. எனவே "பாடசாலை தன் இலக்கை எவ்வாறு வகுக்கின்றது? அதற்கு யாருடைய கருத்தைக் கேட்கின்றது?" என்ற வினாக்கள் உங்களோடு நெருங்கிய தொடர்புடையவை.

இப்பகுதியைப் படித்து முடித்ததும் நீங்கள்,

• பாடசாலைச் சமூகத்தின் உறுப்பினர்களை இனங்காண்பதற்கும்,
• தூரநோக்கு, பணிக்கூற்று, குறிக்கோள், இலக்கு ஆகியவற்றை வேறுபடுத்துவதற்கும்,
• பாடசாலைத் திட்டமிடலின் படிமுறைகளை ஒழுங்காக எழுதுவதற்கும்,
• கலந்தாலோசனையின் அவசியத்தை உதாரணத்துடன் விளக்குவதற்கும்

தேர்ச்சி பெறுவீர்கள்.

1. பாடசாலைச் சமூகம் என்பது யாது?

பாடசாலை என்பது கட்டடமும் அதிபர், ஆசிரியர்களும் மட்டுமல்ல. பாடசாலையின் செயற்பாடுகளால் பாதிக்கப்படுகின்ற, அதன் முன்னேற்றத்தில் அக்கறை கொண்ட அனைவரும் சேர்ந்த தொகுதியே பாடசாலைச் சமூகம் எனப்படும். அதில் அடங்குவோர்:

• மாணவர்கள்
• அதிபர், பிரதி அதிபர், ஆசிரியர்கள், கல்விசாரா ஊழியர்கள்
• பெற்றோர், பாதுகாவலர்
• பழைய மாணவர்கள்
• நலன்விரும்பிகள், அயலில் வாழும் மக்கள், கிராம மட்டச் சங்கங்கள், சமய நிறுவனங்கள்
• கோட்டக் கல்வி அலுவலகம், வலயக் கல்வி அலுவலகம் முதலிய நிருவாக நிறுவனங்கள்

கவனிக்க: பாடசாலைச் சமூகத்தின் உறுப்பினர்களைக் குறிப்பிடுமாறு வினவும்போது பலர் "பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர்" என எழுதிவிட்டு மாணவர்களை விட்டுவிடுகின்றனர். பட்டியலில் முதலாவதாக எழுதப்பட வேண்டியவர்கள் நீங்களே.

2. திட்டமிடும் பொறுப்பு பாடசாலைக்கு வந்த வழி

இலங்கையின் கல்வி முறையில் அதிகாரம் எங்கே இருந்தது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது. 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் கல்வி நிருவாகத்துக்கு அடிப்படையாக அமைந்தது. கலாநிதி சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர அவர்கள் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945 ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் நிறைவேற்றப்பட்ட சட்டங்களினால் உதவி பெறும் பாடசாலைகளுள் பெரும்பாலானவை அரசின் பொறுப்புக்கு மாற்றப்பட்டன. இதனால் ஏழைப் பிள்ளைகளுக்கும் பாடசாலைக் கதவு அகலத் திறந்தது. அதேவேளை, பெரும்பாலான முடிவுகள் கொழும்பிலிருந்தே எடுக்கப்படும் நிலையும் உருவாகியது.

1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கான 13 ஆவது திருத்தத்தின் பின்னர், தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும், ஏனைய அரசாங்கப் பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழும் நிருவகிக்கப்படலாயின. இன்று மாகாணப் பாடசாலையொன்றின் நிருவாகத் தொடர் பின்வருமாறு அமையும்:

பாடசாலை → கோட்டம் → வலயம் → மாகாணக் கல்வித் திணைக்களம் → மாகாணக் கல்வி அமைச்சு

அதிகாரம் மாகாணத்துக்கு வந்தாலும், ஒரு கிராமத்துப் பிள்ளை ஏன் பாடசாலைக்கு வரவில்லை என்பது மாகாணத் தலைநகரில் இருப்பவருக்குத் தெரியாது. அதை அறிந்தவர்கள் அந்தக் கிராமத்திலேயே இருக்கின்றனர். இந்த உண்மையின் அடிப்படையில் எழுந்த எண்ணக்கருவே பாடசாலை மட்ட முகாமைத்துவம் ஆகும். 1993 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கப் பாடசாலை அபிவிருத்திச் சபைகள் சட்டம் இத்திசையில் எடுக்கப்பட்ட ஒரு முயற்சியாகும். பின்னர் 2006 ஆம் ஆண்டு பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் தெரிவுசெய்யப்பட்ட சில கல்வி வலயங்களில் ஆரம்பிக்கப்பட்டு, படிப்படியாக ஏனைய வலயங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இதன்கீழ் பாடசாலைகள் தமது பல்லாண்டுத் திட்டத்தையும், ஒவ்வோர் ஆண்டுக்குமான அமுலாக்கல் திட்டத்தையும் தாமே தயாரிப்பதும், அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் ஆகியோரின் பிரதிநிதிகளைக் கொண்ட பாடசாலை அபிவிருத்திக் குழுவை அமைப்பதும் எதிர்பார்க்கப்பட்டன.

ஆனால் பாடசாலை எல்லாவற்றையும் தானே தீர்மானிக்க முடியாது. பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், பொதுப் பரீட்சைகள் முதலியன பாடசாலையின் கைக்கு வெளியே உள்ளவை. தேசிய கல்வி இலக்குகளும் அவ்வாறே. 1991 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட தேசிய கல்வி ஆணைக்குழுவே கல்விக் கொள்கை பற்றிய விதப்புரைகளை வழங்குகின்றது. பாடசாலை வகுக்கும் இலக்குகள் அத்தேசிய இலக்குகளுக்கு முரணாக அமையக்கூடாது.

3. நான்கு சொற்களும் ஒன்றல்ல

பின்வரும் நான்கு சொற்களையும் மாணவர்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதுண்டு.

(அ) தூரநோக்கு – பாடசாலை நீண்ட காலத்தில் எந்நிலையை அடைய விரும்புகின்றது என்பதைக் கூறும் சுருக்கமான கூற்று. இது அநேகமாகப் பாடசாலை வாயிலில் அல்லது காரியாலயச் சுவரில் எழுதப்பட்டிருக்கும்.

(ஆ) பணிக்கூற்று – அந்நிலையை அடைவதற்குப் பாடசாலை எப்பணிகளைச் செய்யும் என்பதைக் கூறும்.

(இ) குறிக்கோள் – குறித்த ஒரு துறையில் அடைய விரும்பும் மாற்றம். உதாரணம்: "கணித பாட அடைவை உயர்த்துதல்."

(ஈ) இலக்கு – அம்மாற்றத்தை எண்ணாலும் காலத்தாலும் வரையறுத்துக் கூறுவது. உதாரணம்: "தற்போது 40 சதவீதமாக உள்ள கணித பாடச் சித்தியை மூன்று ஆண்டுகளில் 60 சதவீதமாக உயர்த்துதல்."

நல்ல இலக்கொன்றின் ஐந்து பண்புகள்:

1. தெளிவானதாக இருத்தல்
2. அளவிடத்தக்கதாக இருத்தல்
3. அடையத்தக்கதாக இருத்தல்
4. பாடசாலையின் தேவைக்குப் பொருத்தமானதாக இருத்தல்
5. காலவரையறை கொண்டதாக இருத்தல்

"எமது பாடசாலையைச் சிறந்த பாடசாலையாக மாற்றுவோம்" என்பது நல்ல விருப்பம். ஆனால் அது இலக்கு ஆகாது. அடுத்த ஆண்டு இறுதியில் அது நிறைவேறியதா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் பொறுப்புக்கூறலும் இருக்காது.

4. திட்டமிடலின் படிமுறைகள்

படி 1 – நிலைமையை ஆராய்தல்: பரீட்சைப் பெறுபேறு, வரவு இடாப்பு, இடைவிலகியோர் எண்ணிக்கை, வளங்கள் ஆகியன பற்றிய தரவுகளைத் திரட்டல். பலம், பலவீனம், சந்தர்ப்பம், அச்சுறுத்தல் ஆகிய நான்கையும் பட்டியலிடல்.

படி 2 – பிரச்சினைகளை இனங்கண்டு முன்னுரிமைப்படுத்தல்: எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய நிதியும் ஆளணியும் போதா. எனவே எது முதலில் என்பதைத் தீர்மானித்தல்.

படி 3 – காரணங்களைக் கண்டறிதல்: பிரச்சினைக்குரியவர்களிடம் கேட்டல்.

படி 4 – இலக்குகளையும் செயற்பாடுகளையும் வரைதல்: யார், எதை, எப்போது, எவ்வளவு செலவில் செய்வது என எழுதல்.

படி 5 – வரைவைப் பாடசாலைச் சமூகத்தின் முன் வைத்துத் திருத்துதல், அங்கீகாரம் பெறுதல்.

படி 6 – அமுலாக்கல்.

படி 7 – கண்காணித்தல், மதிப்பிடல், முடிவை மீண்டும் சமூகத்துக்கு அறிவித்தல்.

கவனிக்க: படி 3 ஐத் தவிர்த்து, படி 2 இலிருந்து நேரே படி 4 க்குத் தாவுவதே நடைமுறையில் காணப்படும் பெரிய குறைபாடு. பிரச்சினை தெரிந்தவுடன் காரணமும் தெரிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கின்றோம். அடுத்து வரும் உதாரணம் இதனை விளக்கும்.

5. விளக்கத்துக்கான ஓர் உதாரணம்

(இது விளக்கத்துக்காகக் கற்பனையாக அமைக்கப்பட்ட பாடசாலை.)

கரையோரக் கிராமமொன்றில் தரம் 11 வரை வகுப்புகளைக் கொண்ட வகை 2 பாடசாலையொன்று உள்ளது எனக் கொள்வோம். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய 40 பேரில் 16 பேரே கணிதத்தில் சித்தியடைந்தனர். அதாவது 40 சதவீதம். பாடசாலை முகாமைத்துவக் குழு கூடியது. "பெற்றோருக்கு அக்கறையில்லை, பிள்ளைகள் பிந்தி வருகிறார்கள், மாலை வகுப்பு வைத்தால் நிற்கிறார்கள் இல்லை" என்பதே முதலில் கூறப்பட்ட காரணம். ஒழுக்கத்தை இறுக்குவது என்றும், மாலை வகுப்பைக் கட்டாயமாக்குவது என்றும் வரைவுத் திட்டம் எழுதப்பட்டது.

அத்திட்டத்தை அங்கீகரிக்கும் முன்னர் மூன்று வழிகளில் கருத்துக் கேட்கப்பட்டது. மாணவர் பாராளுமன்றத்தின் ஊடாக வகுப்புகளில் பெயர் எழுதாத கருத்துப் பெட்டி வைக்கப்பட்டது. பெற்றோர் கூட்டம் வார நாளில் காலை ஒன்பது மணிக்குப் பாடசாலையில் நடத்தப்படாமல், ஞாயிறு மாலையில் மீன்வாடிகளுக்கு அருகிலுள்ள பொதுநோக்கு மண்டபத்தில் நடத்தப்பட்டது. பிந்தி வருவோர் பதிவேடும் தவணைப் பரீட்சைப் புள்ளிப் பட்டியலும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன.

தெரியவந்தவை இவை:

• கரைவலைக் காலத்தில் மாணவர் சிலர் விடியற்காலையில் தகப்பனுக்கு உதவியாக வலை இழுத்துவிட்டே பாடசாலைக்கு வருகின்றனர். அதனால் அரைமணி நேரம் பிந்துகின்றது.

• பிந்தி வருவோர் முதலாம் பாடவேளை முடியும்வரை வெளியே நிறுத்தப்பட்டு, வளவு கூட்ட விடப்படுகின்றனர்.

• தரம் 11 இல் வாரத்தில் நான்கு நாட்கள் முதலாம் பாடவேளை கணிதம்.

• மாலை வகுப்பு 4.30 மணிக்கு முடிகின்றது. அடுத்த கிராமத்துக்குச் செல்லும் கடைசி பஸ் 3.45 மணிக்கு. தூரத்திலிருந்து வரும் பெண்பிள்ளைகள் நிற்காததன் காரணம் அதுவே.

கருத்துப் பெட்டியில் விழுந்த ஒரு துண்டில், "நாங்கள் கணக்கில் குறைவு என்று தண்டிக்கிறீர்கள். அந்தத் தண்டனை கணக்குப் பாடத்திலேயே நடக்கிறது" என எழுதப்பட்டிருந்தது.

மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். கணிதப் பெறுபேற்றை உயர்த்துவதற்காக இறுக்கப்படவிருந்த அதே விதிதான் கணித வகுப்பிலிருந்து பிள்ளைகளை வெளியே நிறுத்திக்கொண்டிருந்தது. புள்ளிப் பட்டியல் அதிபரிடம் இருந்தது. நேரசூசி பிரதி அதிபரிடம் இருந்தது. பஸ் நேரம் பெற்றோருக்குத் தெரியும். வாசலில் நடப்பது மாணவருக்குத் தெரியும். உண்மையின் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொருவரிடம் கிடந்தது. அவற்றை ஒன்றுசேர்ப்பதே கலந்தாலோசனையின் பயன்.

இதன்பின் திட்டம் திருத்தப்பட்டது. கணிதம் மூன்றாம் பாடவேளைக்கு மாற்றப்பட்டது. பிந்தி வருவோரின் பெயர் பதியப்பட்டு, அவர்கள் உடனே வகுப்புக்கு அனுப்பப்பட்டனர். மேலதிக வகுப்பு பிற்பகல் 1.45 முதல் 3.15 வரை வாரத்தில் மூன்று நாட்கள் என மாற்றியமைக்கப்பட்டது. கடைசி பஸ்ஸின் நேரத்தைப் பிற்படுத்துமாறு கோரி பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் பஸ் டிப்போ முகாமையாளருக்குக் கடிதம் அனுப்பப்பட்டது. இவ்வளவுக்கும் பெரும் பணச் செலவு ஏற்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பெற்றோரின் எல்லாக் கோரிக்கைகளும் ஏற்கப்படவுமில்லை. கரைவலைக் காலத்தில் பாடசாலையை 8.30 மணிக்கு ஆரம்பிக்க வேண்டும் எனச் சிலர் கேட்டனர். பாடசாலை நேரத்தை மாற்றும் அதிகாரம் அதிபருக்கு இல்லை என்பதும், தூரத்திலிருந்து வருவோருக்கு அது பாதகமாகும் என்பதும் கூட்டத்தில் விளக்கப்பட்டன. கலந்தாலோசனை என்பது கேட்டதெல்லாம் கொடுப்பது அன்று. கேட்டதற்கு விடை சொல்வது ஆகும். ஏற்றால் ஏற்றதாகவும், மறுத்தால் மறுத்ததற்கான காரணத்துடனும் விடை வரவேண்டும்.

6. பங்கேற்பின் நான்கு நிலைகள்

கூட்டம் நடந்ததனால் மட்டும் கலந்தாலோசனை நடந்ததாகக் கொள்ள முடியாது. பின்வரும் நான்கு நிலைகளையும் வேறுபடுத்தி அறிந்துகொள்ளுங்கள்.

(1) அறிவித்தல் – முடிவு எடுத்தபின் சொல்லுதல். "அடுத்த வாரம் முதல் மாலை வகுப்பு கட்டாயம்."

(2) கருத்துக் கேட்டல் – கேள்விக்கொத்து, கருத்துப் பெட்டி முதலியவற்றால் அபிப்பிராயம் திரட்டல்.

(3) கலந்தாலோசித்தல் – முடிவு எடுக்கும் முன் வரைவை வெளியிட்டு, இருபக்கமும் உரையாடி, வரைவைத் திருத்துதல்.

(4) சேர்ந்து முடிவெடுத்தல் – பிரதிநிதிகளும் முடிவெடுக்கும் குழுவில் அமர்ந்திருத்தல். பாடசாலை அபிவிருத்திக் குழு இதற்கு உதாரணம்.

முதலாம் நிலையும் தேவையானதே. வெள்ளம் வந்தால் பாடசாலையை மூடுவதற்கு வாக்கெடுப்பு நடத்த வேண்டியதில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கான திட்டத்தை முதலாம் நிலையில் நின்று செய்வது பொருந்தாது.

7. கூட்டத்துக்கு வராதவரின் குரல்

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு யார் வருகின்றனர் என உங்கள் பாடசாலையிலேயே அவதானித்துப் பாருங்கள். மாதச் சம்பளம் பெறுவோர் விடுமுறை எடுத்து வரலாம். நாட்கூலி வேலை செய்யும் தாய் ஒரு காலைக் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலியை இழக்கின்றாள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்க்கும் இதே நிலைதான். வெளிநாட்டில் வேலை செய்யும் தாயின் பிள்ளைக்காகப் பேரனோ பேத்தியோ என்று பாராமல் வளர்க்கும் அம்மம்மாவே பாதுகாவலர். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாமலும் இருக்கலாம்.

வராதவர் அக்கறையற்றவர் என முடிவு செய்வது எளிது. ஆனால் அவ்வாறு முடிவு செய்தால், மிகவும் உதவி தேவைப்படும் பிள்ளைகளின் வீட்டு நிலைமை திட்டத்தில் இடம்பெறாமலே போய்விடும். ஆகவே கலந்தாலோசனையை நடத்துவோர் கவனிக்க வேண்டியவை:

• கூட்டத்தின் நாளும் நேரமும் இடமும் மக்களின் தொழிலுக்கு ஏற்றதாக இருத்தல்
• விளங்கக்கூடிய எளிய மொழியில் விடயங்களை முன்வைத்தல்
• எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கருத்துச் சொல்ல வசதி செய்தல்
• வர முடியாதோரை வகுப்பாசிரியர் வீடு சென்று சந்தித்தல்
• இடைவிலகிய மாணவரின் குடும்பங்களிடமும் விசாரித்தல்
• விசேட தேவையுடைய பிள்ளைகளின் பெற்றோரைத் தவறாது அழைத்தல்

இலங்கையில் கட்டாயக் கல்வி வயதெல்லை 1998 ஆம் ஆண்டு முதல் 5 தொடக்கம் 14 வரையாக நடைமுறையில் இருந்து, 2016 ஆம் ஆண்டு 16 வயது வரை உயர்த்தப்பட்டது. எனவே தரம் 9 இல் இடைவிலகிய பிள்ளை பாடசாலையின் பொறுப்பிலிருந்து விலகிவிட்டதாகக் கருத முடியாது.

8. எண்ணைப் பார்க்கும்போது அவதானம்

இலக்கு அளவிடத்தக்கதாக இருக்க வேண்டும் எனப் படித்தோம். ஆனால் எதை அளப்பது என்பதைத் தவறாகத் தெரிந்தால், இலக்கு நிறைவேறியும் பிள்ளைகள் தோற்றுப்போக இடமுண்டு. பின்வரும் கணக்கைப் பாருங்கள்.

எமது உதாரணப் பாடசாலையின் இலக்கு 60 சதவீதச் சித்தி.

• நிலை அ: 40 பேரும் பரீட்சைக்குத் தோற்றி 24 பேர் சித்தி. 24/40 = 60 சதவீதம்.

• நிலை ஆ: பின்தங்கிய 10 பேர் பரீட்சைக்குத் தோற்றாதவாறு தடுக்கப்படுகின்றனர். 30 பேர் தோற்றி 18 பேர் சித்தி. 18/30 = 60 சதவீதம்.

இரண்டு நிலைகளிலும் அறிக்கையில் எழுதப்படும் சதவீதம் ஒன்றே. ஆனால் இரண்டாவது நிலையில் சித்தியடைந்தோர் 6 பேர் குறைவு. அத்துடன் 10 பிள்ளைகள் பரீட்சை மண்டபத்தையே காணவில்லை. ஆகவே இலக்கை எழுதும்போது இரண்டு குறிகாட்டிகளைச் சேர்த்து எழுதுதல் சிறந்தது: "தரம் 10 இல் கற்ற அனைவரையும் பரீட்சைக்குத் தோற்றச் செய்தலும், அவர்களில் 60 சதவீதத்தினரைக் கணிதத்தில் சித்தியடையச் செய்தலும்."

மூன்றாண்டு இலக்கை ஆண்டுவாரியாகப் பிரிப்பதும் பயனுடையது. ஒவ்வோர் ஆண்டும் 40 பேர் தோற்றுவர் எனக் கொண்டால், முதலாம் ஆண்டில் 18 பேர், இரண்டாம் ஆண்டில் 21 பேர், மூன்றாம் ஆண்டில் 24 பேர் என அமையும். முதலாம் ஆண்டில் 18 ஐ எட்டாவிடின், மூன்றாம் ஆண்டுவரை காத்திராமல் உடனே காரணத்தைத் தேடலாம். இதுவே கண்காணித்தலின் நோக்கம்.

9. மாணவர்களின் உரிமையும் பங்கும்

ஐக்கிய நாடுகள் சபை 1989 ஆம் ஆண்டு சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. இலங்கை 1991 ஆம் ஆண்டு அதனை ஏற்புறுதி செய்தது. அதன் 12 ஆவது உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் தன் அபிப்பிராயத்தைச் சுதந்திரமாகத் தெரிவிக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு எனவும், அந்த அபிப்பிராயத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு அளிக்கப்பட வேண்டும் எனவும் கூறுகின்றது. எனவே மாணவரிடம் கருத்துக் கேட்பது பெரியவர்கள் காட்டும் தயவு அன்று.

தகவல் இன்றிக் கருத்துச் சொல்ல முடியாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரசைகள் பொது அதிகாரசபைகளிடமிருந்து தகவல்களைக் கோரலாம். ஆயினும் நல்ல பாடசாலையில் எவரும் விண்ணப்பம் எழுத வேண்டிய தேவை எழாது. திட்டமும் வரவு செலவு விபரமும் அறிவித்தற் பலகையிலேயே இருக்கும். இதனையே வெளிப்படைத்தன்மை என்கின்றோம்.

உரிமையோடு பொறுப்பும் வருகின்றது. மாணவர் செய்யத்தக்கவை:

• மாணவர் பாராளுமன்றத்துக்குப் பொருத்தமானவரைத் தெரிவுசெய்தல்
• முறைப்பாட்டோடு நில்லாமல் தீர்வையும் முன்வைத்தல்
• ஆதாரத்துடன் பேசுதல். "எப்போதும் தண்ணீர் இல்லை" என்பதைவிட "இம்மாதம் ஏழு நாட்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை" என்பது வலுவானது.
• தன் வகுப்பில் பேசத் தயங்கும் மாணவரின் பிரச்சினையையும் எடுத்துச் சொல்லுதல்
• எடுக்கப்பட்ட தீர்மானத்தை மதித்துச் செயற்படுதல்

10. நல்லாட்சியுடன் தொடர்புபடுத்தல்

பரீட்சையில் இவ்விடயம் நல்லாட்சிப் பண்புகளோடு சேர்த்தும் கேட்கப்படலாம். எமது உதாரணத்தைக் கொண்டே அவற்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பங்கேற்பு – கருத்துப் பெட்டியும் ஞாயிறு மாலைக் கூட்டமும்
வெளிப்படைத்தன்மை – வரைவுத் திட்டத்தை அங்கீகாரத்துக்கு முன் வெளியிட்டமை
பொறுப்புக்கூறல் – மறுத்த கோரிக்கைக்கும் காரணம் கூறியமை
சமத்துவம் – தூரத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஏற்ப வகுப்பு நேரத்தை மாற்றியமை
வினைத்திறன் – பெருஞ்செலவின்றித் தீர்வு கண்டமை

11. மாதிரி வினாவும் விடையும்

வினா: "பாடசாலைத் திட்டத்தைத் தயாரிக்கும்போது பாடசாலைச் சமூகத்தைக் கலந்தாலோசித்தல் அவசியமாகும்." இக்கூற்றை இரண்டு காரணங்கள் தந்து விளக்குக.

விடை:
(i) பிரச்சினையின் உண்மையான காரணத்தை அறிய முடிதல். பாடசாலையின் நிலைமை பற்றிய தகவல்கள் அதிபர், ஆசிரியர், பெற்றோர், மாணவர் எனப் பலரிடமும் பரந்து காணப்படுகின்றன. உதாரணமாக, மேலதிக வகுப்பில் மாணவர் நிற்காமைக்குக் காரணம் பஸ் வசதியின்மை என்பதைப் பெற்றோரிடமும் மாணவரிடமும் வினவுவதனாலேயே அறிய முடியும்.

(ii) திட்டத்தை அமுலாக்குவதில் ஒத்துழைப்புக் கிடைத்தல். தமது கருத்தும் இடம்பெற்ற திட்டத்தைச் சமூகத்தினர் தமதாகக் கருதுவர். இதனால் உழைப்பு, பொருள், நேரம் என்பவற்றை விருப்புடன் வழங்குவர்.

புள்ளி பெறும் வழி: "குறிப்பிடுக" என்றால் காரணத்தை மட்டும் எழுதுக. "விளக்குக" என்றால் காரணம், அதற்கான விளக்கம், உதாரணம் ஆகிய மூன்றும் வேண்டும். ஒரே காரணத்தை வேறு சொற்களில் இரண்டாக எழுதினால் ஒன்றுக்கே புள்ளி கிடைக்கும்.

12. மீட்டல் வினாக்கள்

1. பாடசாலைச் சமூகத்தின் உறுப்பினர் ஐவரைக் குறிப்பிடுக.
2. குறிக்கோள், இலக்கு ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் காட்டுக.
3. பின்வருவனவற்றுள் எது சிறந்த இலக்கு? காரணம் தருக.
 (அ) மாணவர் வரவை நன்கு கூட்டுதல்
 (ஆ) தரம் 9 இன் சராசரி மாணவர் வரவை இவ்வாண்டு இறுதிக்குள் 82 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக உயர்த்துதல்
4. அறிவித்தல், கலந்தாலோசித்தல் ஆகிய இரண்டையும் வேறுபடுத்துக.
5. பெற்றோர் கூட்டங்களுக்குச் சமுகமளிக்க முடியாமைக்கான காரணங்கள் மூன்றையும், அவற்றுக்கான தீர்வுகளையும் எழுதுக.
6. சித்தி சதவீதத்தை மட்டும் கொண்டு பாடசாலையொன்றின் முன்னேற்றத்தை மதிப்பிடுவது ஏன் பொருத்தமற்றது?
7. செயற்பாடு: உங்கள் பாடசாலையின் வருடாந்த அமுலாக்கல் திட்டத்தை வகுப்பாசிரியரின் உதவியுடன் பார்வையிடுக. அதிலுள்ள ஓர் இலக்கைத் தெரிவுசெய்து, நல்ல இலக்கின் ஐந்து பண்புகளும் அதில் உள்ளனவா எனப் பரிசீலிக்க. அவ்விலக்கால் பாதிக்கப்படும் மாணவர் இருவரிடம் பேசி, அவர்களது கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

ஏழாவதைப் பரீட்சைக்கு வராது என்று விட்டுவிடாதீர்கள். பாடசாலையை விட்டு வெளியேறிய பின்னர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, பிரதேச சபைக் கூட்டத்திலோ நீங்கள் அமரும்போது, முன்னால் வைக்கப்படும் திட்டத்தை வாசித்து, "இதை யாரிடம் கேட்டு எழுதினீர்கள்?" என வினவும் துணிவு இப்போதே பழக்கத்துக்கு வரவேண்டும்.